சேலைக்குப் பதிலாக லெப்டொப்

மூங்கிலடித் தோட்டம், மேற்பிரிவு,
நமுனுகுல.
2024 பெப்ரவரி 18

மதிப்புக்குரிய அண்ணன் கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

கலாராணி எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீங்களும் அண்ணி ஜெயந்தினியும் பிள்ளைகளும் சுகம்தானே? கேட்பது முறை என்பதால் கேட்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். அம்மாவைப் புதைத்த அன்று குழிமேட்டில் நின்று, "இனி செத்தாலும் ஒங்க கொரலக் கேக்க மாட்டேன்" என்று மண்ணள்ளிப் போட்டுச் சொன்னேன். அது நடந்து பதினைந்து வருஷம். மண்ணள்ளிப் போட்டுச் சொன்னதை மீற எனக்குப் பயம். குரலைத்தான் சொன்னேன், எழுத்தைச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வருஷம் தவறாமல் தீபாவளிக்கு ஆள் மூலமாக எனக்கு ஒரு சேலை அனுப்புகிறீர்கள். ஒரு வரி எழுதி வைப்பதில்லை, சேலை மட்டும் வரும். அண்ணன் முறை அதோடு முடிந்தது உங்களுக்கு. பதினைந்து சேலையும் மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கின்றன. அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனதும் பிள்ளைக்காம்பராவில் முப்பது குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துப் பால் கரைத்துக் கொடுக்கிறவளுக்கு ஜரிகைச் சேலை எதற்கு?

இந்த வருஷம் சேலை வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு லெப்டொப் அனுப்புங்கள். பழையதென்றாலும் பரவாயில்லை. உங்கள் கடையில் விற்கிற சாமான்தானே. வாசிக்கவும் எழுதவும் வேண்டும். தீபாவளி வரை காத்திருக்க முடியாது, சித்திரைக்குள் வேண்டும்.

இப்படிக்கு,
கூடப்பிறந்த பாவத்துக்கு,
கலாராணி


வத்தளை.
2024 மார்ச் 3

தங்கை கலாராணிக்கு,

உன் கடிதம் கடைக்கு வந்தது. பதினைந்து வருஷம் கழித்து எழுதுகிறவள் லெப்டொப் கேட்டு எழுதுகிறாய். ரொம்பச் சந்தோஷம். சுகம் கேட்டிருந்தாய், எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. மற்றவர்கள் நலம்.

லெப்டொப் உனக்குச் சரிவராது. பதினெட்டு வருஷமாக இந்தச் சாமான்களோடு கிடக்கிறவன் சொல்கிறேன், கேள். தோட்டத்து லயத்துக் கரண்ட் நான் அறியாததா? மழை இருட்டினால் போய்விடும், வந்தால் பல்பு அழுவதைப் போல எரியும். மூன்று மாதத்தில் சார்ஜர் போகும், பிறகு பற்றரி போகும். திருத்துவதற்குப் பதுளைக்கு ஒரு நாள், சாமான் வர ஒரு கிழமை. டெப்லட், கடையில் டெப் என்போம், அப்படி இல்லை. ஒருதரம் சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்கும். எழுதுகிற கொப்பி அளவுதான் இருக்கும், படுத்துக்கொண்டே வாசிக்கலாம். எழுதத்தான் வேண்டுமென்றால் திரையில் விரலால் தட்டினால் போயிற்று.

ஆமாம், எழுதுவதற்கு என்று கேட்டிருக்கிறாயே, என்ன எழுதப் போகிறாய்? பிள்ளைக்காம்பராவில் எழுத என்ன இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள். சேலையைக் கட்டாமல் பெட்டியில் வைத்திருக்கிறாய் என்றால் அது உன் திமிர். என்னைக் குறை சொல்லாதே.

அண்ணன்,
கிருஷ்ணராஜ்


நமுனுகுல.
2024 மார்ச் 24

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் தோட்டத்து ஆபீசில் ஒன்பது நாள் கிடந்து, பத்து நாளைக்கு முன்தான் கைக்கு வந்தது. நான் சுகம். சர்க்கரைக்காரர் இனிப்பைக் குறையுங்கள். கோபத்தையும் குறைக்கலாம்.

நீங்கள் சொன்னதற்காகவே போன சனிக்கிழமை பதுளைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் றவூப் நானா கடை இருக்கிறது. "வாங்க வரல்ல நானா, தட்டிப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன். நல்ல மனுஷர், ஒரு கதிரை போட்டு இரண்டையும் முன்னால் வைத்தார். கொப்பியில் இருந்த ஒரே பக்கத்தை இரண்டிலும் தட்டினேன். டெப்பில் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிஷமும். லெப்டொப்பில் இருபத்தைந்து நிமிஷம். டெப்பின் திரையில் பாதியைக் கீபோர்ட்டே பிடித்துக்கொள்கிறது, மிச்சப் பாதியில் நாலு வரி தெரிகிறது. ஐந்தாவது வரிக்கு வரும்போது முதல் வரியில் என்ன எழுதினோம் என்று மறந்துபோகிறது. நானாவே சொன்னார், "வாசிக்கிறதுக்கு டெப் நல்லம் தங்கச்சி. எழுதுறதுக்கு லெப்டொப்தான் சரி."

இன்னொன்றும் இருக்கிறது. என் கையை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பதினொரு வருஷம் கொழுந்து கிள்ளிய விரல் இது. பிள்ளைக்காம்பராவுக்கு மாறிய பிறகும் நுனியில் காய்ப்பு போகவில்லை. அந்தக் கண்ணாடிக்கு இது விரல் என்றே தெரியவில்லை. மூன்று தரம் அழுத்தினால் ஒரு எழுத்து விழுகிறது. கடையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். லெப்டொப்பின் கட்டைகளுக்கு அந்த வித்தியாசம் இல்லை, யார் அழுத்தினாலும் எழுத்து வருகிறது.

என்ன எழுதப் போகிறேன் என்று கேட்டீர்கள். எழுத வேண்டியதை எழுதப் போகிறேன்.

இப்படிக்கு,
லெப்டொப்புக்குக் காத்திருக்கும்,
கலாராணி


வத்தளை.
2024 ஏப்ரல் 9

தங்கைக்கு,

புது வருஷ வாழ்த்து. பிள்ளைகளுக்குத் தடிமலும் இருமலும், மற்றபடி சுகம்.

பண்டாரவளைக் கடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் மர்ஸூக்கிடம் ஒரு டெப் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பெட்டி பிரிக்காத புதுச் சாமான். றவூப் நானாவுக்கு விற்கத் தெரியும், எனக்கும் தெரியும். உன் விரல் காய்த்திருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ரப்பர் முனை வைத்த பேனா ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். அதால் தொட்டால் எழுத்து விழும்.

தமிழ்க் கீபோர்ட் போட்டிருக்கிறேன். நூறு புத்தகம் ஏற்றியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு வாசிக்கத்தானே விருப்பம், ஆசை தீர வாசி. எழுதுகிற வேலையெல்லாம் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

டெப்பில் என் ஈமெயில் போட்டிருக்கிறது. அதைக் கழற்றாதே, கழற்றினால் லொக் ஆகிவிடும். பிறகு என்னைத் திட்டாதே.

கிருஷ்ணராஜ்


நமுனுகுல.
2024 மே 12

அண்ணன் அவர்களுக்கு,

டெப் கிடைத்தது. நன்றி என்று எழுத வேண்டிய இடம் இது. அதை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

"எழுதுகிற வேலையெல்லாம் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்." இந்த வரியை எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? வேறு யார் சொல்லியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன். நீங்கள் சொல்லலாமா?

சரி, கேட்டீர்களே, சொல்கிறேன். நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். ஏழு கொப்பி. கண்டியில் ஒரு பதிப்பகத்தார் மலையகத்துப் பெண்கள் எழுதும் நாவலுக்குப் போட்டி வைத்திருக்கிறார்கள். தெரிவாகிற நாவலை அவர்களே புத்தகமாகப் போடுவார்கள். கையெழுத்துப் பிரதி எடுக்க மாட்டார்கள், தட்டச்சு செய்து ஈமெயிலில்தான் அனுப்ப வேண்டும். கடைசித் திகதி செப்டெம்பர் 30. என் கணக்குக்கு நூற்றைம்பது பக்கம் வரும். நாற்பத்தொரு வயதாகிறது எனக்கு. ஏ.எல். பரீட்சை எழுதாத ஒருத்தியின் பெயரும் அட்டையில் வரட்டும் என்று ஆசைப்படுகிறேன். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் உங்கள் ரப்பர் பேனாவால் ஒரு எழுத்து ஒரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு அடிக்கிறேன். கோழி கொத்துவது போல இருக்கிறது. இதுவரை பதினெட்டுப் பக்கம். இந்த வேகத்தில் போனால் தை பிறந்துவிடும்.

நூறு புத்தகத்தையும் நீங்களே வாசியுங்கள்.

கலாராணி


வத்தளை.
2024 ஜூன் 30

கலாராணிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நாவல் எழுதுவதாக இருந்தால் கதை எழுது. ராஜா ராணி கதை எழுது. "பெரட்டில் அவன் பெயரைக் கூப்பிட்டபோது அவன் பசறை பஸ்ஸில் சன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தான்." இப்படி எழுத உனக்கு வெட்கமாக இல்லையா? அவன் அவன் என்று எழுதினால் யாரென்று தெரியாதா? பெயரைக் கூட ராஜு என்று வைத்திருக்கிறாய், முழுதாகவே போட்டிருக்கலாமே!

இந்தப் புத்தகம் கொழும்புக்கு வந்தால் ஜெயந்தினியின் அண்ணன்மார் வாசிப்பார்கள். கம்பெனியில் வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்தவன் என்றுதான் அவர்களுக்கு என்னைத் தெரியும். தாயையும் தங்கச்சியையும் விட்டுவிட்டு ஓடிவந்தவன் என்று அவர்கள் வாயால் நான் கேட்க வேண்டுமா? என் பிள்ளைகள் கேட்க வேண்டுமா?

நடந்தது ஒன்று, நீ எழுதுவது ஒன்று. நான் தூங்கவில்லை. அதை மட்டும் தெரிந்துகொள்.

கிருஷ்ணராஜ்


நமுனுகுல.
2024 ஜூலை 14

கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம்தான் மண்டையில் ஏறியது. என் நாவலில் ஒரு பக்கத்தையும் நான் உங்களுக்கு அனுப்பவில்லையே! அந்த வரி என் கொப்பியில் இருக்கிறது, இந்த டெப்பில் இருக்கிறது. வத்தளைக்கு எப்படி வந்தது?

டெப்பைத் தூக்கிக்கொண்டு றவூப் நானாவிடம் ஓடினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். "தங்கச்சி, இதில டெப் அனுப்பின ஒங்கட நானாட ஈமெயில் ஈக்குது. நீங்க இதில என்ன எழுதினாலும் அவர்ர கம்பியூட்டரிலயும் போய் விழும். அவர் அங்க ஈந்து மாத்தவும் ஏலும், அழிக்கவும் ஏலும்" என்றார். அந்தக் கடையிலேயே கழற்றச் சொன்னேன், உங்கள் பாஸ்வேர்ட் இல்லாமல் முடியாது என்றார்.

கழற்றாதே என்றீர்களே, இதற்குத்தானா? பிறத்தியாள் கடிதத்தைப் பிரிக்கிறவனையே நம் லயத்தில் செருப்பால் அடிப்பார்கள். நீங்கள் என் தலைக்குள் கை விட்டிருக்கிறீர்கள்.

நல்லது, வாசிக்கிறவர் என்று தெரிந்துவிட்டது. இதையும் வாசியுங்கள். அப்பா போய், அம்மாவும் இருமலில் விழுந்து மலைக்குப் போக முடியாமல் ஆனபோது, வீட்டிலிருந்து ஒருத்தர் பெயர் பதியாவிட்டால் லயத்துக் காம்பராவைக் காலி பண்ண வேண்டும் என்று தொரை சொன்னார். 2000 நவம்பர் முதலாம் திகதி, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் நிற்பதாக நீங்கள்தான் வாக்குக் கொடுத்தீர்கள். காலையில் கணக்கப்பிள்ளை "கிருஷ்ணராஜ்" என்று மூன்று தரம் கூப்பிட்டார். நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உங்களைக் காணோம். பசறையில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த நான், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு முன்னால் போய், "அவருக்குப் பதிலா என் பேரப் போடுங்கய்யா" என்றேன். அன்றைக்கு முடிந்தது என் படிப்பு.

இதைத்தான் எழுதியிருக்கிறேன். இது பொய்யா?

கலாராணி


வத்தளை.
2024 ஆகஸ்ட் 4

கலாராணிக்கு,

கடையிலிருந்து போகிற எல்லாச் சாமானிலும் என் ஈமெயில்தான் போட்டுப் பார்ப்போம். முதலில் வேண்டுமென்று செய்யவில்லை. பிறகு திரையில் வந்து விழுந்தது, வாசித்தேன். தினமும் வாசித்தேன். அதற்கு என்ன செய்யச் சொல்கிறாய்?

பெரட்டில் நடந்தது உண்மை. பஸ்ஸில் தூங்கினேன் என்பது பொய். அந்த அத்தியாயத்தை எடு. நீ எடுக்காவிட்டால் நான் எடுப்பேன்.

கிருஷ்ணராஜ்


நமுனுகுல.
2024 ஆகஸ்ட் 25

கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

சொன்னதைச் செய்துவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் டெப்பைத் திறந்தால் முதல் அத்தியாயத்தைக் காணோம். பதினோரு பக்கம். மூன்று கிழமை குத்திக் குத்தி அடித்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளை பயந்து அழுகிற அளவுக்குக் கத்தினேன். நாசமாய்ப் போக!

கொப்பி என்னிடம் இருக்கிறது. திரும்ப அடிப்பேன். ஐந்து கிழமை இருக்கிறது, விடிய எழும்பி அடிப்பேன். டெப்பில் ஒரு எழுத்தும் இனி அடிக்க மாட்டேன். பண்டாரவளையில் தட்டச்சுக் கடை இருக்கிறது, வரிசையில் நின்றாவது முடிப்பேன்.

ஆனால் அந்த இடத்தில் அரைப் பக்கம் ஒன்று கிடக்கிறதே, அது யார் எழுதியது? நான் எழுதவில்லை. "அவன் பஸ்ஸில் தூங்கவில்லை. தோட்டத்துச் சந்தியில் நின்றான். ஆறு மணி பஸ்ஸை விட்டான். ஏழு மணி பஸ்ஸையும் விட்டான். துணி வைத்த அம்மாவின் பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மேலே தோட்டத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். எட்டு மணி பஸ்ஸில் ஏறினான்."

என் நாவலில் உங்களுக்கு என்ன வேலை? எழுத வேண்டுமென்றால் தனியாக ஒரு கொப்பி வாங்கி எழுதுங்கள்.

மேலே ரோட்டைப் பார்த்தது எதற்கு? யார் வருவார்கள் என்று நின்றீர்கள்?

கலாராணி


வத்தளை.
2024 செப்டெம்பர் 8

தங்கச்சி கலாவுக்கு,

பிரஷர் ஏறி நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது பரவாயில்லை.

மர்ஸூக்கிடம் லெப்டொப் அனுப்பியிருக்கிறேன். அதில் யாருடைய ஈமெயிலும் இல்லை. உன் பெயரில் புதிதாக ஒன்று போட்டுக்கொள். டெப்பிலிருந்து என் ஈமெயிலையும் கழற்றிவிட்டேன், நீ அடித்தது டெப்பில் அப்படியே இருக்கும், இனி உன் எழுத்து ஒன்றும் என் கண்ணில் படாது. எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது. ஜெயந்தினியிடம் நானே சொல்லிவிட்டேன், ஒரு கிழமையாக அவள் என்னோடு பேசவில்லை.

யார் வருவார்கள் என்று நின்றேன் என்று கேட்டாய். யாராவது. அம்மாவோ நீயோ. எனக்கு இருபது வயது. அட்டைக்கடிக்கும் மழைக்கும் தொரையின் ஏச்சுக்கும் பயந்து ஓடிவந்துவிட்டேன். சந்திக்கு வந்த பிறகு காலும் போகவில்லை, மனமும் வரவில்லை. ஒரு ஆள் வந்து "அண்ணே" என்று ஒருதரம் கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்திருப்பேன். சத்தியமாக வந்திருப்பேன். இரண்டு மணித்தியாலம் நின்றேன். ஒரு நாயும் வரவில்லை.

நான் ஓடினதை எழுதுகிறவள், என்னைத் தேடி யாரும் வராததையும் எழுது. நீ மட்டும்தான் இழந்தவள் என்று எழுதாதே.

அண்ணன்,
கிருஷ்ணராஜ்


நமுனுகுல.
2024 ஒக்டோபர் 1

அண்ணே,

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அண்ணி பேசிவிட்டார்களா? நான் சுகம்.

லெப்டொப் பதின்மூன்றாம் திகதி வந்தது. றவூப் நானா டெப்பில் இருந்ததை அதற்கு மாற்றித் தந்தார். மிச்சத்தைப் பதினாறு நாளில் அடித்து முடித்தேன். நேற்றுப் பின்னேரம் நாலரை மணிக்கு நானா கடையிலிருந்தே கண்டிக்கு அனுப்பிவிட்டேன். நூற்று அறுபத்திரண்டு பக்கம். டெப்பை மர்ஸூக்கிடம் திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன், விற்றுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் தூங்கினான் என்ற வரி அதில் இல்லை. அதை நானே எடுத்துவிட்டேன். அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

ஒரு ஆளும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வந்தேன்.

பெயர் கொடுத்ததும் கணக்கப்பிள்ளையிடம் கூடை எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குறுக்குப் பாதையால் சந்திக்கு ஓடினேன். உங்களை இழுத்துக்கொண்டு வருவதற்குத்தான் ஓடினேன். ஏழு மணி பஸ் வந்து நின்றது, நீங்கள் ஏறவில்லை. மேலே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் ரோட்டால் வரவில்லை, பக்கத்து மேட்டில் கொய்யா மரத்துக்குப் பின்னால் நின்றேன். கூப்பிடு தூரம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டது கூடத் தெரிந்தது. பிந்திப் போனதால் முதல் நாளே எனக்கு அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் போட்டார்கள். வயிற்றுவலி என்று சொன்னேன்.

கூப்பிட்டால் வந்துவிடுவீர்கள் என்று தெரியும். வீட்டில் ஒருத்தராவது தப்பட்டும் என்று பேசாமல் நின்றேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கொப்பியில் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன், பிறகு வெட்டிவிட்டேன். உண்மை அது இல்லை. பெரட்டில் நூறு பேர் என்னைப் பார்த்து, "பொட்டப்புள்ளையா இருந்தும் நின்னா பாரு" என்றார்கள். வாழ்க்கையில் முதல்தரம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் திரும்பி வந்தால் அது போய்விடும். அண்ணன் போகட்டும், போய்த் தொலையட்டும், சாகும்வரைக்கும் சொல்லிக் காட்ட எனக்கு ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன். பதினேழு வயது, அண்ணே. அவ்வளவு ஆத்திரம்.

இருபத்து நாலு வருஷமாகச் சொல்லிக் காட்டினேன். அம்மா குழிமேட்டிலும் அதைத்தான் செய்தேன்.

நீங்கள் எட்டு மணி பஸ்ஸில் ஏறியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் அத்தியாயத்தை இந்த வரியோடுதான் முடித்திருக்கிறேன்.

கலாராணி